விடையும் வழியும்

நேயர்களே, முதலில் ஒரு கணக்கு. 9 முழ உயரமுள்ள ஒரு தூண். அதன் அடியில் ஒரு பாம்புப் புற்று. தூணின் உச்சியில் ஒரு மயில் அமர்ந்திருக்கிறது. தூணிலிருந்து 27 முழ தூரத்தில் ஒரு பாம்பு தன் புற்றை நோக்கி விரைந்து வருகிறது. அதைக் கண்ட மயில் சாய்வாகப் பாய்ந்து வழியிலேயே அதைப் பிடித்துவிடுகிறது. மயில் பறந்த தூரமும் பாம்பு ஊர்ந்த தூரமும் சமம். அப்படியானால், புற்றிலிருந்து எத்தனை முழ தூரத்தில் அவை இரண்டும் சந்தித்தன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பாஸ்கராசாரியார். கேட்ட ஆண்டு 1150. கேட்ட நூல் 'லீலாவதி'. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மயில் இன்னும் தூணின்மேல்தான் இருக்கிறது. அந்தப் பாம்பும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இதைக் கேட்டவுடன் சிலர் காகிதத்தில் ஒரு செங்கோண முக்கோணத்தை வரைவார்கள். சிலர் பள்ளியில் படித்த சூத்திரம் ஏதேனும் பொருந்துமா என்று தேடுவார்கள். வேறு சிலர், 10 முழமாக இருக்குமோ, 12 முழமாக இருக்குமோ என்று எண்களைப் போட்டுப் பார்ப்பார்கள். இந்த மூன்றாம் வகையினரை நான் தாழ்வாக எண்ணவில்லை. 12 என்று வைத்துக்கொண்டால், பாம்பு ஊர்ந்த தூரம் 15 முழம். 9இன் வர்க்கம் 81. 12இன் வர்க்கம் 144. இரண்டையும் கூட்டினால் 225. அதன் வர்க்கமூலம் 15. மயிலும் 15 முழமே பறந்திருக்கிறது. விடை கிடைத்துவிட்டது.

ஆனால் கணக்கு முடிந்துவிட்டதா? அவை வேறோர் இடத்திலும் சந்தித்திருக்கக் கூடாதா? தூண் 9 முழமாக இல்லாமல் 30 முழமாக இருந்திருந்தால் என்ன ஆகும்? உண்மையில், கணிதம் இந்த இரண்டாவது வரிசைக் கேள்விகளில்தான் தொடங்குகிறது. முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிவிடும் மாணவன், வாசற்படி வரை வந்து திரும்பிப் போனவன் ஆவான். அவனை உள்ளே அழைத்துச் செல்ல நம் நாட்டில் யார் யார், எப்பொழுது, எவ்வாறு முயன்றார்கள் என்பதைச் சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நான் கணித நிபுணன் அல்லன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, டில்லியில் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிபவன். என் தகுதி வேறொரு வகையானது. பள்ளியில் படித்தபோது வடிவகணிதத் தேற்றங்களை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்களில் நானும் ஒருவன். ஒரு நாள், புதிதாக வந்த உபாத்தியாயர் ஒருவர், நாங்கள் நன்கு அறிந்த முக்கோணத்தையே கரும்பலகையில் சற்றுச் சாய்த்து வரைந்தார். ஏ, பி, சி என்ற எழுத்துக்களை எடுத்துவிட்டு எக்ஸ், ஒய், இஸட் என்று குறித்தார். "இப்பொழுது நிரூபியுங்கள்" என்றார். வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எழுத்துக்கள் மாறியவுடன் தேற்றமே எங்களைக் கைவிட்டுவிட்டது. பின்னாளில் நான் கலைப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். அந்த மௌனத்தின் காரணத்தைத் தேடியதில்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது.

பாஸ்கராசாரியாரிடம் மீண்டும் செல்வோம். அவர் பிறந்தது 1114ஆம் ஆண்டில். தமது முப்பத்தாறாம் வயதில் 'சித்தாந்த சிரோமணி' என்னும் பெருநூலை இயற்றினார். அதன் முதற்பகுதியே 'லீலாவதி'. அடுத்த பகுதி 'பீஜகணிதம்'. லீலாவதியின் அமைப்பு கவனிக்கத் தக்கது. முதலில் விதியைச் சொல்லும் சுலோகம் வரும். உடனே ஓர் உதாரணக் கேள்வி வரும். கேள்வி வெறும் எண்களாக வருவதில்லை. தேனீக் கூட்டம் மலரை நாடிச் செல்கிறது; காற்றில் மூங்கில் முறிந்து அதன் நுனி தரையைத் தொடுகிறது; அன்னங்கள் குளத்தை விட்டுப் பறக்கின்றன. ஓரிடத்தில் கணக்கன் தோழனை அழைத்துக் கேட்பான். மற்றோரிடத்தில் மான் விழியாளை அழைத்துக் கேட்பான். வேறோரிடத்தில் வணிகனை விளித்துக் கேட்பான். கேள்வி எப்பொழுதும் ஓர் ஆளைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. எதிரே இருப்பவரின் அறிவை மதித்து, 'உன்னால் முடியும், சொல்' என்று கேட்கும் தொனி அது.

லீலாவதி என்பவள் அவருடைய மகள் என்றும், அவளுடைய திருமண முகூர்த்தம் தவறிப்போனதற்கு ஆறுதலாகவே அந்நூலைச் செய்தார் என்றும் ஒரு கதை உண்டு. அக்பர் அரசவைக் கவிஞர் பைஸி 1587ஆம் ஆண்டில் லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தபோது, தம் முன்னுரையில் அந்தக் கதையைச் சொன்னார். அது வரலாறாக நிலைநாட்டப்பட்டதன்று. ஆயினும், ஒரு கணித நூலுக்குத் தந்தை மகளுக்குச் சொன்ன நூல் என்ற புகழ் ஏற்பட்டதற்கு, அந்நூலின் குரலே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய முறை முழுவதும் சிந்தனை மயமாகவே இருந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. விதிகள் செய்யுளில் இருந்தன. செய்யுளை மனப்பாடம் செய்யவேண்டும். விதியோடு நின்றுவிட்ட மாணவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் செய்யுள், கல்வியின் முடிவாகக் கருதப்படவில்லை. விதி ஏன் சரி என்பதைக் காட்டும் விளக்கத்திற்கு 'உபபத்தி' என்று பெயர் இருந்தது. கணேச தைவக்ஞர் என்பவர் 1545ஆம் ஆண்டில் லீலாவதிக்கு எழுதிய 'புத்திவிலாசினி' என்னும் உரை இத்தகைய உபபத்திகளைத் தருகிறது. அதற்குச் சற்று முன்பின்னாகக் கேரளத்தில் ஜேஷ்டதேவர், வானவியல் கணிதத்தின் விதிகளுக்குரிய யுக்திகளை மலையாள வசனத்தில் விரித்து 'யுக்திபாஷா' என்ற நூலைச் செய்தார். பாஸ்கரர் தாமே பீஜகணிதத்தில், குறியீடுகளில் பீஜகணிதம் இல்லை, கூர்த்த மதியே உண்மையான பீஜகணிதம் என்ற கருத்தை வெளியிட்டிருக்கிறார். மனப்பாடம் என்பது கருவூலம். சிந்தனை என்பது அதை எடுத்துச் செலவிடும் கை. கருவூலம் நிறைந்து கை முடங்கினால் பயன் என்ன?

இனி, நான் வாழும் டில்லி மாநகருக்கு வருவோம். காஷ்மீரி கேட்டின் அருகே தாரா ஷிகோவின் நூலகம் என்று வழங்கும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. உபநிஷதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்த மொகலாய இளவரசர் தாரா ஷிகோ என்பதை நேயர்கள் அறிவார்கள். இப்பொழுது அங்கே தேசப் பிரிவினையைப் பற்றிய அருங்காட்சியகம் இயங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் சில காலம் டில்லிக் கல்லூரி அக்கட்டடத்தில் நடைபெற்றது. அந்தக் கல்லூரியில் கணிதம் போதித்த மாஸ்டர் ராமசந்திரரே இந்தப் பேச்சின் நாயகர்.

ராமசந்திரர் 1821ஆம் ஆண்டில் பானிப்பட்டில் பிறந்தார். வருவாய்த் துறையில் அலுவல் பார்த்த தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். 1833இல் டில்லியில் சர்க்கார் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். கணிதத்தைப் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியினாலேயே கற்றார். 1844இல் டில்லிக் கல்லூரியின் கீழ்த்திசைப் பிரிவில் ஐரோப்பிய விஞ்ஞானத்தை உருது மொழியில் கற்பிக்கும் உபாத்தியாயராக நியமிக்கப்பட்டார். அப்பொழுது அக்கல்லூரியைச் சார்ந்து ஒரு மொழிபெயர்ப்புச் சங்கம் இருந்தது. விஞ்ஞான நூல்களை உருதுவில் பெயர்த்து வெளியிடுவது அதன் வேலை. ராமசந்திரரும் அவ்வேலையில் ஈடுபட்டார், பீஜகணிதம் முதலியவற்றை உருதுவில் எழுதினார், பத்திரிகைகளும் நடத்தினார். பின்னாளில் உருது நாவலாசிரியராகப் புகழ் பெற்ற நசீர் அகமது, கணித நூல்கள் பல எழுதிய முன்ஷி ஜகாவுல்லா ஆகியோர் அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள். ஜகாவுல்லா, ராமசந்திரரின் அன்புக்குரிய மாணாக்கர்.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அவருடைய நிலைமை நன்கு விளங்குகிறது. சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்துவிட்டால் வாக்கியம் வந்துவிடும். பொருள் வந்து சேராது. ஐரோப்பாவில் வளர்ந்த நுண்கணிதத்தை உருதுவில் பெயர்த்துக் கொடுத்தால் அது மாணவன் வாயில் ஏறும், மனத்தில் இறங்குமா? மாணவனுடைய மனத்தில் முன்பே வேரூன்றியுள்ள ஏதேனும் ஒன்றிலிருந்து புதியதற்குப் பாதை போடவேண்டும் என்று ராமசந்திரர் கருதினார். இந்நாட்டு மாணவர்களுக்கு இயல்பாகக் கைவரக்கூடியது பீஜகணித மரபே என்பது அவர் துணிபு. ஆகவே, நுண்கணிதத்தைக் கொண்டே தீர்க்கப்பட்டு வந்த ஒரு வகைக் கணக்குகளை, பீஜகணிதத்தைக் கொண்டே தீர்த்துக் காட்ட முற்பட்டார். ஒன்று மிகப் பெரியதாவது எப்பொழுது, மிகச் சிறியதாவது எப்பொழுது என்று கேட்கும் கணக்குகள் அவை.

அவருடைய முறையை ஓர் எளிய உதாரணத்தால் சொல்கிறேன். 10 என்னும் எண்ணை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கவேண்டும். அவற்றின் பெருக்கல் பலன் எவ்வளவு கூடுதலாக முடியுமோ அவ்வளவு கூடுதலாக இருக்கவேண்டும். சிறுவர்களிடம் கேட்டால் போட்டுப் பார்ப்பார்கள். 1, 9 என்று பிரித்தால் 9. 2, 8 என்றால் 16. 3, 7 என்றால் 21. 4, 6 என்றால் 24. 5, 5 என்றால் 25. பிறகு மீண்டும் குறையத் தொடங்குகிறது. ஆகவே 25 என்று சொல்லிவிடுவார்கள். நல்லது. ஆனால் நாலரையும் ஐந்தரையும் ஏன் கூடாது? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பின்ன எண்ணில் 26 ஒளிந்திருக்கக் கூடாதா?

ராமசந்திரர் இந்தச் சந்தேகத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டார். பெருக்கல் பலன் 26 என்றே வைத்துக்கொள்வோம் என்பார். பகுதிகள் இரண்டையும் கண்டுபிடிக்க ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதைப் பழைய முறைப்படி தீர்த்தால், 25இலிருந்து பெருக்கல் பலனைக் கழித்து, மீதிக்கு வர்க்கமூலம் காணவேண்டும் என்று வரும். பலன் 24 ஆனால் மீதி 1, வர்க்கமூலம் உண்டு. பலன் 25 ஆனால் மீதி பூஜ்யம், அதுவும் சரி. பலன் 26 ஆனால் மீதி குறை எண். அதற்கு மெய்யான வர்க்கமூலம் இல்லை. ஆகவே அத்தகைய இரண்டு பகுதிகள் இல்லவே இல்லை. கணக்கு எந்த இடத்தில் அசாத்தியமாகிறதோ, அந்த எல்லைக்கோட்டில்தான் மிகப் பெரிய விடை நிற்கிறது. இந்த ஒரு யுக்தியைக் கொண்டு அவர் கணக்கின்மேல் கணக்காகத் தீர்த்துக்கொண்டே போனார்.

தொடக்கத்தில், தூண் 30 முழமானால் என்ன ஆகும் என்று கேட்டேன் அல்லவா? மயில் எங்கே பாய்ந்தாலும் 30 முழத்திற்குக் குறையாமல் பறக்கவேண்டும். பாம்போ புற்றை அடைய 27 முழமே ஊரவேண்டும். ஆகவே சம தூரத்தில் சந்திப்பு நிகழாது, பாம்பு பிழைத்துக்கொள்ளும். இதைக் கண்டுகொள்ளச் சூத்திரம் வேண்டியதில்லை. சற்று நின்று யோசித்தால் போதும். ஒரு கணக்கு எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்பதும் கணக்குத்தான்.

1850ஆம் ஆண்டில் ராமசந்திரர் இந்நூலை ஆங்கிலத்தில் எழுதி, தம் சொந்தச் செலவில் கல்கத்தாவில் பிரசுரித்தார். கல்கத்தாவின் மதிப்புரை அவருக்குச் சாதகமாக இல்லை. எனினும் புத்தகத்தின் பிரதி ஒன்று டிரிங்க்வாட்டர் பெத்தூன் என்னும் அதிகாரி மூலமாக லண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்த அகஸ்டஸ் டி மார்கன் கைக்குச் சென்றது. டி மார்கன், தர்க்க சாஸ்திரத்திலும் கணிதத்திலும் பெரும் புகழ் பெற்றவர். அவர் பிறந்தது நம் மதுரையில், 1806ஆம் ஆண்டில் என்பதைத் தமிழ் நேயர்கள் அறிந்து மகிழலாம். அவர் அப்புத்தகத்தில் ஒரு தனி ஆற்றலைக் கண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகிகளுக்கு எடுத்து எழுதினார். ராமசந்திரருக்குச் சம்மான உடையும் 2,000 ரூபாயும் அளிக்கப்பட்டன. 1859இல், டி மார்கன் எழுதிய நீண்ட முன்னுரையோடு அந்நூல் லண்டனில் மறுபதிப்பாக வெளிவந்தது. இந்திய மாணவனின் சுய சிந்தனையைத் தட்டி எழுப்ப இது உதவும் என்பது டி மார்கனின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை நிறைவேறியதா? இல்லை என்றே சொல்லவேண்டும். நூல் வெளிவருவதற்குள் 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சி டில்லியைப் புரட்டிப் போட்டுவிட்டது. 1852இல் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியிருந்த ராமசந்திரர் உயிர் தப்பி ஓடவேண்டியதாயிற்று. பிறகு ரூர்க்கியிலும், மீண்டும் டில்லியிலும், கடைசியாகப் பட்டியாலா சமஸ்தானத்திலும் கல்விப் பணி புரிந்து 1880இல் காலமானார். அவருடைய புத்தகமோ இந்தியப் பள்ளிக்கூடங்களில் நுழையவே இல்லை.

ஏன் நுழையவில்லை? அதே 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் தோன்றின. அவை தொடக்கத்தில் கற்பிக்கும் நிலையங்களாக இல்லை. பரீட்சை நடத்தும் நிலையங்களாக இருந்தன. மெட்ரிகுலேஷன் தேறினால் உத்தியோகம், உத்தியோகத்திற்கு மெட்ரிகுலேஷன். இந்த ஏற்பாட்டில் கேள்வி கேட்பவர் எங்கோ இருக்கும் பரீட்சாதிகாரி; விடை சொல்பவன் அவர் முகம் அறியாத மாணவன். தோழனே என்றோ மான் விழியாளே என்றோ அழைத்துக் கேட்கும் குரல் மறைந்தது. உபாத்தியாயருக்கும் ஒன்று விளங்கிவிட்டது: புதிய கேள்வியைக் கேட்பதால் வரும் பயனைவிட, சென்ற ஆண்டின் கேள்வியை மீண்டும் எழுத வைப்பதால் வரும் பயன் அதிகம். அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. அவர் மாணவனுக்கு வேண்டியதைக் கொடுத்தார்; மாணவனுக்கு வேண்டியது தேர்ச்சி. 1902ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகக் கமிஷன், பரீட்சைக்குப் போதனை அடிமையாகிவிட்டதே நம் உயர்கல்வியின் பெருங்கேடு என்று கூறியது. ஆனால் சக்கரம் அதே தடத்தில்தான் சுழன்றது.

இந்தக் காலத்திலும் கேள்வி முற்றிலும் அழிந்துவிடவில்லை. வகுப்பறையில் இடம் கிடைக்காமையால் அது வேறோர் இடத்தைத் தேடிக்கொண்டது. 1907ஆம் ஆண்டில், அப்பொழுது டிபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் என்பவரின் முயற்சியால் ஒரு கணிதச் சங்கம் தோன்றியது. பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் என்று பெயர் பெற்றது அதுவே. 1909இலிருந்து ஒரு சஞ்சிகையும் வெளியிட்டது. அதில் அங்கத்தினர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி விடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. 1911ஆம் ஆண்டில் 289ஆம் எண்ணிட்ட ஒரு கேள்வி வந்தது. ஒரு வர்க்கமூலம், அதற்குள் 1ஐயும், மற்றொரு வர்க்கமூலத்தின் இரு மடங்கையும் கூட்டவேண்டும், அந்த இரண்டாவது வர்க்கமூலத்திற்குள் 1ஐயும், மூன்றாவது ஒன்றின் மும்மடங்கையும் கூட்டவேண்டும், இப்படியே முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தால் அதன் மதிப்பு என்ன? கேட்டவர், எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத ஓர் இளைஞர். அவர் பெயர் ஸ்ரீநிவாச ராமானுஜன்.

பல மாதங்கள் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. ராமானுஜனே விடையை வெளியிட்டார். விடை 3. அவ்வளவுதான். அதன் வழி ஒரு பள்ளி மாணவனுக்கும் விளங்கக்கூடியது. 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 என்பது 1ஐயும் 8ஐயும் கூட்டியது. 8 என்பது 4இன் இரு மடங்கு. 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1ஐயும் 15ஐயும் கூட்டியது. 15 என்பது 5இன் மும்மடங்கு. 5 என்பது 25இன் வர்க்கமூலம். இனி நேயர்களே தொடர்ந்து செல்லலாம்; எத்தனை படி இறங்கினாலும் படிக்கட்டு முடிவதில்லை. பரீட்சைக் கூடம் தோல்வியுற்றவன் என்று முத்திரையிட்ட ஒருவர், 3 என்ற சின்னஞ்சிறு எண்ணுக்குள் முடிவில்லாத படிக்கட்டு ஒன்றைக் கண்டார். அவர் திறமையை அளக்க அந்தப் பரீட்சையில் கேள்வியே இல்லை என்பதுதான் இதன் பொருள்.

மற்றொருவரையும் இங்கே நினைவுகூரவேண்டும். நாசிக் அருகிலுள்ள தேவ்லாலியில் 1930இலிருந்து 1962 வரை பள்ளி உபாத்தியாயராக இருந்தவர் டி. ஆர். காப்ரேகர். உயர்ந்த ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. எண்களோடு விளையாடுவதே அவர் பொழுதுபோக்கு. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்கள் நான்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. அவற்றை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த எண்ணை மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். உதாரணமாக 3524. 5432இலிருந்து 2345 போனால் 3087. 8730இலிருந்து 378 போனால் 8352. 8532இலிருந்து 2358 போனால் 6174. அதன்பிறகு என்ன செய்தாலும் 6174தான் வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு முறைக்குள் அங்கே வந்து சேரலாம். கழித்தல் மட்டும் தெரிந்த சிறுவனுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து கழித்தல் கணக்குகளை அவன் முணுமுணுக்காமல் செய்துவிடுவான். நடுவில் எங்கேனும் பிழை நேர்ந்தால், யாரும் சிவப்பு மையால் கோடு போடாமலே தானே தேடித் திருத்துவான். காப்ரேகரின் எண்களை அற்பமான விளையாட்டு என்று ஒதுக்கிய அறிஞர்கள் இருந்தார்கள். 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்டினர் தம் கட்டுரையில் எடுத்துச் சொன்னபிறகு உலகம் அவரை அறிந்தது.

சுதந்திரம் பெற்ற நாட்டில் இந்த நிலை மாறியதா? டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948, 1949ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் கூறச் சொன்னால் பரீட்சைச் சீர்திருத்தத்தையே கூறுவோம் என்றது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், அதனை ஒட்டிக் கணிதக் கல்விக்காக அமைந்த குழுவின் அறிக்கையும் இன்னும் தெளிவாகப் பேசின. குழந்தையின் சிந்தனையைக் கணித நெறியில் பழக்குவதே கணிதக் கல்வியின் தலையாய நோக்கம் என்றும், பெரும்பாலான குழந்தைகளிடம் கணக்கைக் கண்டால் அச்சமும் தோல்வி உணர்ச்சியும் மிகுந்திருக்கின்றன என்றும் அந்தக் குழு எடுத்துக்காட்டியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மனப்பாடத்தைக் குறைத்துச் சிந்தனையை வளர்க்கவேண்டும் என்கிறது. ஆகவே, அறிக்கைகளில் குறை இல்லை. அறிக்கை வகுப்பறைக் கதவைத் தட்டும்போது, உள்ளே ஐம்பது குழந்தைகளும், முடிக்கவேண்டிய பாடப் பகுதிகளும், ஓர் உபாத்தியாயரும், நாற்பது நிமிஷமும் இருக்கின்றன. அங்கேதான் சங்கடம்.

இந்தச் சங்கடத்தை ஒரே நாளில் தீர்க்கும் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் வரலாறு சில எளிய வழிகளைக் காட்டுகிறது. பாஸ்கரரிடமிருந்து ஒன்று: கேள்வியை எதிரே இருப்பவரைப் பார்த்துக் கேளுங்கள். ராமசந்திரரிடமிருந்து ஒன்று: மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள், எது முடியாது என்று அவனே கண்டுபிடிக்க இடம் கொடுங்கள். ராமானுஜனிடமிருந்து ஒன்று: விடை தெரிந்தவரே கேள்வி கேட்கவேண்டும் என்றில்லை, மாணவனும் கேள்வி இயற்றட்டும். காப்ரேகரிடமிருந்து ஒன்று: பயிற்சியையே ஒரு தேடலாக்குங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை இதற்குப் போதும். அந்த ஒரு பாடவேளையில் ஒரே ஒரு கணக்கு போதும். விடை வந்தபிறகு, "வேறு வழி உண்டா?" "எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" "இது ஏன் இப்படி வருகிறது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

பெற்றோர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையிடம், எத்தனை மார்க் என்று கேட்கிறோம். எப்படி யோசித்தாய் என்று கேட்பதில்லை. தவறான விடையை எழுதிய குழந்தை, தான் நடந்த வழியைச் சொல்ல இடம் கொடுத்தால், பாதி வழியில் தானே நின்று, "இல்லை, இங்கே தப்பு" என்று சொல்லும். அதைப் பொறுத்திருந்து கேட்க நமக்கு ஐந்து நிமிஷப் பொறுமை வேண்டும். ராமசந்திரர் பெயரும் ராமானுஜன் பெயரும் நமக்குக் கிடைத்துவிட்டன. எழுத்து மாறியவுடன் மௌனமாகிவிட்ட நாற்பது பேரின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு, ஒரு கேள்வி மட்டும் வேறுவிதமாகக் கேட்கப்பட்டிருந்தால், கணிதத்தின் கதவு திறந்திருக்கும்?

முடிப்பதற்கு முன் ஒரு கணக்கு. ஒருவரிடம் 40 மீட்டர் கம்பி இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் செவ்வக வடிவமான தோட்டத்திற்கு வேலி கட்டவேண்டும். நான்கு பக்கமும் கம்பி கட்டினால், தோட்டம் மிகப் பெரியதாக இருக்க எவ்வாறு அமைக்கவேண்டும் என்பதை, 10ஐப் பிரித்த கணக்கை நினைவில் வைத்திருப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் கொல்லையில் ஒரு பக்கம் நீண்ட மதிற்சுவர் இருக்கிறது. அந்தப் பக்கத்திற்குக் கம்பி தேவையில்லை. மற்ற மூன்று பக்கங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். இப்பொழுது தோட்டத்தை எவ்வாறு அமைப்பது?

சதுரம் என்று சிலர் அவசரமாகச் சொல்லக்கூடும், அது சரியன்று. அதற்குமேல் நான் சொல்லப் போவதில்லை. இன்று இரவு வீட்டிலுள்ள குழந்தைகளோடு உட்கார்ந்து, ஒரு நூலையோ தீக்குச்சிகளையோ எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். விடையைக் கண்டபிறகு நிறுத்திவிடாமல், அது ஏன் அப்படி வந்தது என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள்.